பெயர் மாறினால் சரக்கு மாறுமா?



இம்மாதப் பாடம் கணிப்பொறியில் பொருத்தும் கிராபிக்ஸ் கார்டைப் பற்றியது. பருப்பும் புளியும் விற்கும் நமக்கு இது எதற்கு என்று உறுப்பினர்கள் கேட்கலாம். சில ஆண்டுகளுக்கு முன் யாராவது இதைப் பற்றிப் பேசியிருந்தால் நாமும் அப்படித்தான் கேட்டிருப்போம். ஆனால் இன்று பெரும்பாக்கம், மேடவாக்கம், சோழிங்கநல்லூர் பக்கத்தில் மகனோ பேரனோ கணிப்பொறி கேட்காத மளிகைக்காரர் வீடு குறைவு. கேட்கும் தொகையும் சிறியதல்ல. "பழைய கார்டு வாங்கி வேகம் ஏற்றிக்கொள்ளலாம், உள்ளே இருக்கும் நிரலை மாற்றினால் விலை கூடிய கார்டாகவே ஆகிவிடும்" என்று பிள்ளைகள் சொல்வார்கள். அதில் எவ்வளவு உண்மை, எந்த எல்லை வரை உண்மை என்பதை நாம் பணம் கொடுத்துக் கற்றுக்கொண்டோம். நம் உறுப்பினர்கள் பணம் கொடுக்காமல் கற்றுக்கொள்ளட்டும் என்றே இதை எழுதுகிறோம்.

நாம் ஏமாந்த கதை

2021-ஆம் ஆண்டு. கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த நம் மகள் வயிற்றுப் பேரனுக்கு, வீடியோ வெட்டி ஒட்டும் வேலைக்கு ஒரு கிராபிக்ஸ் கார்டு தேவைப்பட்டது. அந்தச் சமயத்தில் உலகம் முழுவதும் இந்தச் சரக்குக்குத் தட்டுப்பாடு. ஒரு பக்கம் கொரோனாவினால் சில்லு உற்பத்திக்கும் தேவைக்கும் இடையில் பெரிய இடைவெளி. மறுபக்கம், ஈதேரியம் என்ற மின்னணு நாணயத்தை உண்டாக்கும் "மைனிங்" தொழிலுக்கு இதே கார்டுகளைக் கட்டுக் கட்டாக வாங்கிக் குவித்தார்கள். புதுக் கார்டின் விலை அச்சிட்ட விலையைவிட எங்கோ போய்விட்டது.

தட்டுப்பாடு வந்தால் கலப்படம் வரும் என்பது நமக்குத் தெரியாததா? மிளகு விலை ஏறினால் பப்பாளி விதை வருகிறது. ஆனால் அந்த அறிவு நம் கடையோடு நின்றுவிட்டது. பேரன் சொன்ன ஒரு கடையில், ஜிடிஎக்ஸ் 1050 டிஐ, 4 ஜிபி என்று சொல்லி, பழைய கார்டு ஒன்றை 7,000 ரூபாய்க்கு வாங்கினோம். பில் கேட்கவில்லை. கணிப்பொறியில் மாட்டியதும் திரையில் அந்தப் பெயரே தெரிந்தது. "தாத்தா, பேரு சரியாத்தான் காட்டுது" என்றான் பேரன். நாமும் பெயரைப் பார்த்தோம், பணத்தை எண்ணிக் கொடுத்தோம். ஒரு மூட்டை துவரம்பருப்பை வாயில் போட்டுக் கடித்துப் பார்க்காமல், தராசில் ஏற்றாமல் நாம் இறக்கியது கிடையாது. அன்று மட்டும் பெயரைப் பார்த்துப் பணம் கொடுத்தோம்.

பிறகு என்ன ஆனது என்பதைச் சொல்லுமுன், இந்தப் பொருள் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது.

கார்டுக்குள் இருப்பது என்ன?

ஒரு கிராபிக்ஸ் கார்டில் ஐந்து உறுப்புகளைத் தெரிந்துகொண்டால் போதும். முதலாவது, கணக்குப் போடும் பெரிய சில்லு. இரண்டாவது, அதைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் நினைவகச் சில்லுகள். மூன்றாவது, மின்சாரத்தைச் சில்லுக்கு ஏற்ற அளவில் குறைத்துக் கொடுக்கும் மின்சுற்று. நான்காவது, சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடும் விசிறியும். ஐந்தாவது, மிளகு அளவுக்கு ஒரு சிறு நினைவகச் சில்லு. இதில்தான் ஃபெர்ம்வேர் அல்லது பயாஸ் எனப்படும் உள்நிரல் எழுதப்பட்டிருக்கும்.

இந்த உள்நிரலை நம் கடைக் கணக்குப்பிள்ளையின் குறிப்பேடு என்று வைத்துக்கொள்ளலாம். "இந்தச் சரக்கின் பெயர் இது, எத்தனை மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடலாம், எவ்வளவு மின்னழுத்தம் கொடுக்கலாம், எத்தனை வாட்டுக்கு மேல் இழுக்கக்கூடாது, எந்தச் சூட்டில் விசிறி எவ்வளவு வேகமாகச் சுற்ற வேண்டும்" என்பதெல்லாம் அதில் இருக்கும். கணிப்பொறியை இயக்கும்போது இந்தக் குறிப்பைப் பார்த்தே கார்டு வேலையைத் தொடங்குகிறது. நாம் வாங்கிய கார்டு திரையில் காட்டிய பெயரும் இந்தக் குறிப்பிலிருந்து வந்ததுதான்.

முந்திரி தரம் பிரிப்பதைப் போல

இனி, ஒரே தொழிற்சாலையில் செய்த சில்லுகள் ஏன் வெவ்வேறு விலைக்கு விற்கின்றன என்பதைப் பார்ப்போம். முந்திரி வியாபாரம் தெரிந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும்.

பண்ருட்டியிலிருந்து வரும் முந்திரி ஒரே தோப்பில் விளைந்ததாக இருக்கலாம். உடைத்துத் தோலுரித்த பிறகு, முழுப்பருப்பை அளவு பார்த்துப் பிரிக்கிறார்கள். டபிள்யூ 320 என்றால் ஒரு பவுண்டுக்கு 300 முதல் 320 பருப்பு வரை நிற்கும். டபிள்யூ 240 அதைவிடப் பெரியது, விலையும் கூடுதல். உடைந்தது தனி, பாதி தனி, குருணை தனி.

சில்லும் இப்படித்தான். ஒரு வட்டத் தகட்டில் நூற்றுக்கணக்கில் அச்சாகும் சில்லுகளில் எல்லாம் ஒரே தரமாக வருவதில்லை. சிலவற்றில் ஒரு பகுதி பழுதாக இருக்கும். சில, அதிக மின்னழுத்தம் கொடுத்தால்தான் வேகமாக ஓடும். நிறுவனம் ஒவ்வொன்றையும் சோதித்து, பழுதான பகுதியை அடைத்துவிட்டு, குறைந்த பெயரில் குறைந்த விலைக்கு விற்கும். என்விடியா நிறுவனம் 2016-இல் வெளியிட்ட ஜிடிஎக்ஸ் 1080, ஜிடிஎக்ஸ் 1070 இரண்டும் ஜிபி104 என்ற ஒரே வகைச் சில்லுதான். முன்னதில் 2,560 கணக்கு அலகுகள் திறந்திருக்கும். பின்னதில் 1,920 மட்டுமே திறந்திருக்கும்.

சில சமயம் நல்ல சில்லையும் கீழ்த்தரப் பெயரில் விற்பது உண்டு. கீழ்த்தரச் சரக்குக்குத் தேவை அதிகமானால், 240-ஐயும் 320 மூட்டையில் போட்டு அனுப்பும் வியாபாரி உண்டல்லவா, அதைப் போல. "உள்நிரலை மாற்றினால் பெரிய கார்டு ஆகும்" என்ற ஆசை இங்கிருந்துதான் பிறந்தது.

வேகம் ஏற்றுதல்

ஓவர்கிளாக்கிங் என்பது, குறித்துக் கொடுத்த வேகத்துக்கு மேல் சில்லை ஓட்டுவது. 1050 டிஐ கார்டுக்கு என்விடியா குறித்த அடிப்படை வேகம் 1,290 மெகாஹெர்ட்ஸ், சூடும் மின்சாரமும் அனுமதித்தால் 1,392 வரை. இதை ஆஃப்டர்பர்னர் போன்ற ஒரு மென்பொருளைக் கொண்டு சிறிது சிறிதாக ஏற்றலாம். இதற்கு உள்நிரலைத் தொட வேண்டியதில்லை. தவறாகப் போனால் கணிப்பொறியை அணைத்துப் போட்டுப் பழைய வேகத்துக்குத் திரும்பிவிடலாம்.

இதில் தவறில்லை. நிறுவனம் ஒரு பாதுகாப்பு இடைவெளி வைத்துத்தான் வேகத்தைக் குறிக்கிறது. ஆனால் அந்த இடைவெளி எவ்வளவு என்பது ஒவ்வொரு சில்லுக்கும் வேறு. மேலும் 2012-இல் ஜிடிஎக்ஸ் 680 கார்டோடு என்விடியா கொண்டுவந்த ஏற்பாட்டின்படி, சூடும் மின்சாரமும் இடம் கொடுத்தால் கார்டே தன் வேகத்தை ஏற்றிக்கொள்கிறது. எனவே நாம் ஏற்றுவதற்கு மிச்சம் இருக்கும் இடம் முன்னைவிடக் குறைவு.

வேகம் ஏற்றும்போது மின்னழுத்தத்தையும் சேர்த்து ஏற்றினால் கணக்கு எப்படிப் போகிறது என்று பாருங்கள். சில்லு தின்னும் மின்சாரம் வேகத்தோடு நேராக ஏறும். மின்னழுத்தத்தோடு இருமடிப் பெருக்கமாக ஏறும். வேகம் நூற்றுக்கு 10, மின்னழுத்தம் நூற்றுக்கு 10 ஏற்றினால் 1.1 × 1.1 × 1.1, அதாவது 1.33. வேகத்தில் பத்தில் ஒரு பங்கு வரவுக்கு, மின்சாரத்திலும் சூட்டிலும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு செலவு. கிடைக்கும் பத்தும் முழுதாகக் கைக்கு வராது. சில்லு வேகமாக ஓடினாலும், நினைவகத்திலிருந்து தகவல் வரும் வரை காத்திருக்க வேண்டும். கூலியாள் ஓடி ஓடிச் சுமந்தாலும் லாரியிலிருந்து இறக்குபவர் மெதுவாக இருந்தால் என்ன பயன்?

சென்னைக்காரர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். விசிறி வைத்த கார்டு, அறைக் காற்றைவிடக் குளிராக ஆக முடியாது. 22 டிகிரி குளிர் அறையில் 70 டிகிரியில் நின்ற கார்டு, சித்திரை மாதத்தில் 36 டிகிரி இருக்கும் மாடி அறையில் அதே வேலைக்கு ஏறக்குறைய 84 டிகிரிக்குப் போகும். அந்தச் சூட்டில் பல கார்டுகள் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். நாம் ஏற்றியதை வெயில் இறக்கிவிடும்.

உள்நிரலை மாற்றுதல்: எது முடியும்?

மென்பொருளால் ஏற்றும்போது உள்நிரல் குறித்த மேல்வரம்பைத் தாண்ட முடியாது. அந்த வரம்பையே மாற்றி எழுதத்தான் உள்நிரலில் கை வைக்கிறார்கள். இதில் பலன் கண்டவர்களும் உண்டு என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும்.

ஏஎம்டி நிறுவனம் 2016 ஜூன் 29 அன்று ஆர்எக்ஸ் 480 கார்டை வெளியிட்டது. 4 ஜிபி, 8 ஜிபி என்று இரண்டு வகை. முதலில் வந்த 4 ஜிபி கார்டுகள் சிலவற்றில் உண்மையில் 8 ஜிபி நினைவகச் சில்லுகளே பொருத்தப்பட்டிருந்தன. உள்நிரல் மட்டும் பாதியை மறைத்திருந்தது. 8 ஜிபி உள்நிரலை ஏற்றியவர்களுக்கு மறைந்திருந்த மீதியும் கிடைத்தது. ஆனால் கதை அந்த முதல் சரக்கோடு முடிந்தது. பிறகு வந்த கார்டுகளில் 4 ஜிபிதான் பொருத்தியிருந்தார்கள். அவற்றில் அதே உள்நிரலை ஏற்றினால் இல்லாத நினைவகம் எங்கிருந்து வரும்?

அதற்கு முன்பே, 2002-இல் வந்த ரேடியான் 9500 கார்டு சிலவற்றில் எட்டு வேலைப் பாதைகளில் நான்கை அடைத்து விற்றார்கள். மென்பொருள் மாற்றத்தால் அவற்றைத் திறந்து, விலை கூடிய 9700 போல ஓட்டியவர்கள் இருந்தார்கள். பாதை நன்றாக இருந்தவருக்கு யோகம். பழுதானதால் அடைக்கப்பட்ட பாதையைத் திறந்தவருக்குத் திரை முழுவதும் சதுரங்கப் பலகையைப் போல் கட்டம் கட்டமாகத் தெரிந்தது. அடைத்ததற்குக் காரணம் இருந்தது என்று அப்போதுதான் விளங்கியது.

எது முடியாது?

இதிலிருந்து எல்லைகளை வகுத்துக்கொள்ளலாம்.

முதல் எல்லை, சில்லில் உள்ள சரக்கு. இல்லாத கணக்கு அலகையோ, பொருத்தாத நினைவகத்தையோ எந்த உள்நிரலும் உண்டாக்காது.

இரண்டாவது எல்லை, மின்சாரப் பாதை. கணிப்பொறிப் பலகையில் கார்டு செருகும் இடத்திலிருந்து 75 வாட் வரைதான் எடுக்கலாம். ஆறு ஊசி இணைப்பு இருந்தால் இன்னொரு 75, எட்டு ஊசி இருந்தால் 150. மேலே சொன்ன ஆர்எக்ஸ் 480 கார்டே வெளிவந்த புதிதில், செருகும் இடத்திலிருந்து இந்த வரம்பைத் தாண்டி இழுப்பதாகச் சோதனைகளில் தெரிந்தது. ஜூலை மாதமே நிறுவனம் திருத்த மென்பொருள் வெளியிட்டு அதைக் குறைத்தது. தயாரித்த நிறுவனமே பின்வாங்கிய இடம் அது. 750 கிலோ ஏற்ற வேண்டிய குட்டி யானை வண்டியில் ஒன்றரை டன் ஏற்றினாலும் ஒரு நாள் ஓடத்தான் செய்யும். அச்சு முறியும் நாளை யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது.

மூன்றாவது எல்லை, சூடு. உள்நிரலில் வாட் வரம்பை ஏற்றி எழுதலாம். தகடும் விசிறியும் அதனால் பெரிதாகிவிடுவதில்லை.

நான்காவது எல்லை, நிறுவனம் போடும் பூட்டு. 2016-இல் வந்த ஜிடிஎக்ஸ் 10 வரிசையிலிருந்து, என்விடியா தன் உள்நிரலில் மின்னணுக் கையொப்பம் இட்டு அனுப்புகிறது. நடுவில் ஓர் எண்ணை மாற்றினாலும் கையொப்பம் பொருந்தாது, கார்டு அதை ஏற்காது. ஏஎம்டியும் 2017-இல் வந்த வேகா வரிசையிலிருந்து இப்படிப் பூட்டியது. அதே சில்லைக் கொண்ட வேறொரு நிறுவனக் கார்டின் கையொப்பமிட்ட உள்நிரலை முழுதாக எடுத்துப் போடும் வழி சில கார்டுகளுக்கு உண்டு. மின்சுற்றும் விசிறியும் வேறாக இருந்தால் அதுவும் ஆபத்தே.

இந்தப் பூட்டு வாங்கியவரின் உரிமையைப் பறிக்கிறது என்று இளைஞர்கள் குறைபடுகிறார்கள். சொந்தப் பணத்தில் வாங்கிய பொருளைத் தன் விருப்பப்படி ஓட்டத் தடை என்ன என்று அவர்கள் கேட்பதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் அந்தப் பூட்டு வருவதற்கு முந்தைய சில்லுகளில்தான், நம்மை ஏமாற்றிய அந்த வித்தை நடந்தது.

நம் கார்டின் உண்மை

இனி விட்ட இடத்துக்கு வருவோம். கார்டு மாட்டிய ஒரு வாரத்தில், சிறு வீடியோ வேலை நடந்தது, பெரிய வேலை கொடுத்தால் கணிப்பொறி நின்றது. வேகம் போதவில்லை என்று நினைத்த பேரன் வேகத்தை ஏற்றினான். திரையில் வண்ணப் புள்ளிகள் வந்தன. உள்நிரல்தான் கெட்டிருக்கிறது என்று எண்ணி, உண்மையான 1050 டிஐ-யின் உள்நிரலைத் தேடி எடுத்து, கருவி கொடுத்த எச்சரிக்கையையும் மீறி ஏற்றினான். அதோடு திரை கறுத்துவிட்டது.

பழுது பார்க்கத் தெரிந்த ஒருவரிடம் கொண்டுபோனோம். அவர் தகட்டைக் கழற்றி, பசையைத் துடைத்து, சில்லின் மேல் பொறித்திருந்ததை நம்மையே படிக்கச் சொன்னார். ஜிஎஃப்116 என்று இருந்தது. அது 2011-இல் வந்த ஜிடிஎக்ஸ் 550 டிஐ கார்டின் சில்லு. உண்மையான 1050 டிஐ-யில் 768 கணக்கு அலகுகள், 4 ஜிபி நினைவகம். இதில் 192 அலகுகள், 1 ஜிபி. யாரோ பழைய கார்டின் குறிப்பேட்டில் பெயரையும் நினைவக அளவையும் திருத்தி எழுதி, புது மூடி போட்டு விற்றிருக்கிறார்கள். ஒரு ஜிபிக்கு உட்பட்ட வேலை கொடுத்தவரை ஓடியது, அதைத் தாண்டியதும் நின்றது.

"ஐயா, பின்பக்கம் நீல நிற விஜிஏ இணைப்பு இருந்ததே, பார்க்கலையா?" என்று கேட்டார் அவர். 1050 டிஐ தலைமுறைச் சில்லு அந்தப் பழைய வகைச் சமிக்ஞையைக் கொடுக்கவே கொடுக்காதாம். நாம் அதைப் பார்த்தோம். பழைய திரைக்கும் உதவும் என்று மகிழ்ந்தோம்!

இப்படி உள்நிரல் திருத்திய போலி என்விடியா கார்டுகள் உலகச் சந்தையில் அவ்வளவு புழங்கியதால், கார்டின் விவரம் காட்டும் ஜிபியூ-இசட் என்ற இலவச மென்பொருள், 2018 முதல் அவற்றைக் கண்டுபிடித்துப் பெயருக்கு முன் "போலி" என்று ஆங்கிலத்தில் காட்டுகிறது. வாங்கும்போதே ஐந்து நிமிடம் அதை ஓட்டிப் பார்த்திருந்தால் 7,000 ரூபாய் மிஞ்சியிருக்கும். பில் இல்லாததால் கடைக்காரரிடம் வாதாட வழியில்லை. பேரன் பல நாள் நம் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. "உன் தவறு இல்லை கண்ணு, சரக்குப் பார்க்கத் தெரிந்த தாத்தா கூட இருந்தும் பார்க்கவில்லையே" என்று நாம்தான் சமாதானம் சொன்னோம்.

மைனிங்கில் ஓடிய கார்டுகள்

போலி அல்லாத பழைய கார்டிலும் கவனம் வேண்டும். 2022 செப்டம்பர் 15 அன்று ஈதேரியம் தன் முறையை மாற்றிக்கொண்டதால், கார்டுகளைக் கொண்டு அதை உண்டாக்கும் தொழில் ஒரே நாளில் நின்றது. இரவும் பகலும் ஓடிய கார்டுகள் பழைய சந்தைக்கு வந்தன. ஆர்எக்ஸ் 470, 480, 570, 580 போன்றவற்றில் மைனிங் செய்தவர்கள் உள்நிரலைத் தங்கள் வேலைக்கு ஏற்றபடி திருத்தியிருப்பார்கள். பெரும்பாலும் சில்லின் வேகத்தையும் மின்னழுத்தத்தையும் குறைத்து, நினைவகத்தை மட்டும் முடுக்கியிருப்பார்கள். எனவே மைனிங் கார்டெல்லாம் வெந்துபோனது என்று ஒதுக்கவும் வேண்டாம். விசிறி தேய்ந்திருக்கும், உள்நிரல் மாறியிருக்கும் என்று எதிர்பார்த்து, இரண்டையும் சோதித்து, அதற்கேற்ற விலை பேச வேண்டும். சில கார்டுகளில் இரண்டு உள்நிரல்களும் அவற்றை மாற்ற ஒரு சிறு சுவிட்சும் உண்டு. இரண்டு பக்கமும் தள்ளி ஓட்டிப் பார்க்கவும்.

நம் கல்லாவுக்கு அருகில்

இந்தப் பாடத்தைக் கிராபிக்ஸ் கார்டோடு முடிக்காததற்குக் காரணம் உண்டு. கார்டு போன மறு ஆண்டு, நம் கிடங்குக்கு ஒருவர் வந்தார். எலெக்ட்ரானிக் தராசு பழுது பார்ப்பவர் என்று சொல்லிக்கொண்டார். "அண்ணாச்சி, ஒரு சின்ன செட்டிங்தான். கிலோவுக்கு 20 கிராம் ஏத்திக் காட்டும். வெளிய தெரியாது" என்றார்.

கணக்கு நாமும் போட்டுப் பார்த்தோம். நாளைக்கு 200 கிலோ நிறுத்தால் 4 கிலோ. அடுத்த நொடியே நம் பேரனின் கறுத்த திரை கண்ணில் நின்றது. அவர் செய்ய வந்தது அதே வேலைதான். சரக்கு இருந்தபடியே இருக்கும், காட்டும் எண் மட்டும் மாறும். அன்று வாங்கும் பக்கம் நின்று ஏமாந்தோம். இன்று விற்கும் பக்கம் நின்று அதையே செய்யச் சொல்கிறார். தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டோம், தராசைத் தொடவிடவில்லை.

தராசிலும் உள்நிரல் இருக்கிறது. அதன் அடியில் எடையை உணரும் உலோகக் கட்டை இருக்கிறது. அளவுத் திருத்தத்தை மாற்றும் இடத்தைக் கம்பியும் ஈயமும் கொண்டு முத்திரை இட்டுப் பூட்டியிருக்கிறார்கள். 1976-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2009-ஆம் ஆண்டு சட்டமுறை எடையளவுச் சட்டம், 2011 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. எலெக்ட்ரானிக் தராசை ஆண்டுக்கு ஒரு முறை தொழிலாளர் துறையின் முத்திரை ஆய்வாளரிடம் சோதித்து முத்திரை பெற வேண்டும். முத்திரை உடைந்த தராசு சரியான எடையே காட்டினாலும் அதை நம்ப யாருக்கும் கடமையில்லை. நேர்மையாகப் பழுது பார்க்க உடைத்திருந்தாலும், மறு முத்திரை பெறும் வரை அதில் வியாபாரம் செய்யக் கூடாது. பழுது பார்க்க உரிமம் பெற்றவரிடமே கொடுக்கவும்.

தன் கார்டில் தானே வேகம் ஏற்றி, அது கெட்டால் தானே நட்டப்படுவது ஒருவரின் சொந்த விருப்பம். பிறர் நம்பிப் பணம் கொடுக்கும் எண்ணை மாற்றுவது அப்படி அல்ல.

வாங்குமுன் பார்க்க வேண்டியவை

1. பில் இல்லாமல் வாங்க வேண்டாம். மாடல் பெயரும் வரிசை எண்ணும் பில்லில் இருக்க வேண்டும்.

2. கார்டின் பின்பக்க இணைப்புகளை, நிறுவனம் வெளியிட்ட விவரத்தோடு ஒப்பிடவும்.

3. விற்பவர் கொடுக்கும் மென்பொருளை ஏற்காமல், தயாரித்த நிறுவனத்தின் புதிய டிரைவரை அங்கேயே நிறுவச் சொல்லவும். போலிக் கார்டு பெரும்பாலும் இங்கேயே மாட்டிக்கொள்ளும்.

4. ஜிபியூ-இசட் ஓட்டி, பெயரோடு கணக்கு அலகுகளின் எண்ணிக்கையையும் பார்க்கவும்.

5. நினைவகம் முழுவதையும் நிரப்பும் சோதனையும், அரை மணி நேரம் முழு வேகத்தில் ஓட்டும் சோதனையும் செய்யவும். குளிர்சாதனம் போடாத இடமாக இருந்தால் நல்லது.

6. வேகம் ஏற்ற விரும்பினால் மென்பொருள் வழியே மட்டும், ஒரு தடவைக்கு 10 அல்லது 15 மெகாஹெர்ட்ஸ் வீதம் ஏற்றி, ஒவ்வொரு முறையும் ஓட்டிப் பார்க்கவும். புள்ளி தெரிந்தால் இரண்டு படி இறங்கி அங்கேயே நிறுத்தவும்.

7. உள்நிரலைத் தொடுவதாக இருந்தால் இருப்பதை முதலில் நகல் எடுத்துவைக்கவும். உத்தரவாதம் போகும் என்பதை அறிந்தே செய்யவும்.

8. மின்சாரம் கொடுக்கும் பெட்டியின் வாட் அளவு கார்டுக்குப் போதுமா என்று பார்க்கவும்.

பேரன் படிப்பு முடித்து இப்போது வேலையில் இருக்கிறான். முதல் சம்பளத்தில் புதுக் கார்டு வாங்கப் போனபோது நம்மையும் அழைத்துப் போனான். கடைக்காரர் பெட்டியைப் பிரித்துக் காட்டி, "சார், பேரு சரியா இருக்கு, பாருங்க" என்றார். "மாட்டி ஓட்டிக் காட்டுங்க, நாங்க இருந்து பாக்குறோம்" என்றான் பேரன். ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். பில்லை வாங்கி மடித்து நம் சட்டைப்பையில் வைத்தான்.

உறுப்பினர்கள் இந்த வாரம் தங்கள் தராசின் முத்திரையையும், அது எந்த ஆண்டுக்கு உரியது என்பதையும் ஒரு முறை பார்த்துக்கொள்ள வேண்டுகிறோம்.